உன் கல்யாணத்துக்கு நான் வராத காரணம்

ரோஷன்,

இதை நீ தனியாக உட்கார்ந்து படிக்க வேண்டாம். மகேஸ்வரியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. படித்து முடித்த பிறகு செலின் அத்தைக்கு அனுப்பு, உன் மாமனாருக்கு அனுப்பு, கேட்கிற யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. தபாலில் போட்டால் நேரத்துக்கு வந்து சேராது என்பதால் எழுத எழுத ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கே அனுப்புகிறேன். என் கையெழுத்து உனக்குப் பழக்கம்தான். புரியாத இடத்தில் நிறுத்தி நிறுத்திப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து நான் வீட்டுக்குள் நுழைகிற நேரம் மஸ்கட்டிலிருந்து மகேஸ்வரி போன் பண்ணினாள். தன் தம்பி கல்யாணத்துக்கு விளாத்திகுளம் வரப்போவதைப் பற்றிச் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படியே பேச்சோடு பேச்சாக, "மாமா, வர்றதுக்கு முன்னாடி மூஞ்சியக் கொஞ்சம் சரி பண்ணிட்டு வரலாம்னு இருக்கேன். கண்ணுக்குக் கீழ கருப்பா குழி விழுந்து கெடக்குல்ல, அதுக்கு ஃபில்லர்னு ஒரு ஊசி. கன்னத்துப் பரு வடுவுக்கு கெமிக்கல் பீல், மருந்து பூசித் தோல உரிச்சு எடுக்குறது. இங்க ஒரு கிளினிக்ல ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சுத் தாராங்க. அடுத்த வாரம் வியாழக்கிழமைக்கு எழுதி வச்சிட்டேன்" என்றாள். கல்யாணம் அதிலிருந்து எத்தனை நாளில் என்று கேட்டேன். பத்தாம் நாள் என்றாள். "வேண்டாம்மா" என்றேன். "ஏன் மாமா?" என்றாள். "வேண்டாம்னா வேண்டாம், விடு" என்று கடுமையாகச் சொல்லிவிட்டேன். நீ போனை வாங்கினாய். "அவ மூஞ்சிப்பா அது. அதுக்கும் உங்ககிட்ட சம்மதம் கேக்கணுமா? எங்க கல்யாணத்துக்கே வராத ஆளு நீங்க" என்றாய். அதோடு வைத்துவிட்டாய்.

நீ சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் வரவில்லைதான். ஆனால் எதனால் வரவில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாயோ அது காரணம் இல்லை. இந்த எட்டு மாதமாக அதைச் சொல்லாமல் இருந்தேன். சொன்னால் சிரிப்பார்களே என்ற வெட்கம்தான். இப்போது வெட்கப்பட்டுக்கொண்டு வாயை மூடியிருந்தால் மகேஸ்வரி வியாழக்கிழமை அங்கே போய் உட்கார்ந்துவிடுவாள். அதனால் எழுதுகிறேன்.

என் முகத்தைப் பற்றி நீயும் நானும் ஒருநாளும் பேசியது கிடையாது. முப்பத்தொரு வருடமாகத் துறைமுகத்தில் கப்பலை இழுக்கிற டக் படகில் வேலை. தண்ணீரில் பட்டுத் திரும்புகிற வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி இரண்டு புருவத்துக்கும் நடுவில் இரண்டு கோடு ஆழமாக விழுந்துவிட்டது. கன்னம் இரண்டிலும் மங்கு. சும்மா இருந்தாலும் யாரையோ அடிக்கப் போகிறவன் மாதிரிதான் இருப்பேன். உனக்கு ஆறு வயது இருக்கும். டக்கை ஓட்டுகிற மாஸ்டராக எனக்குப் பதவி உயர்வு கிடைத்த நாள். உனக்கு அல்வா வாங்கிக்கொண்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். குசினிக்குள் நீ உன் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டது ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது. "அம்மா, அப்பா இன்னைக்குக் கோவமா இருக்காவளா, சும்மா இருக்காவளா?" அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "சும்மாதான் இருக்காவ, நீ போ" என்றாள். நீ வரவில்லை. அல்வாவை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன்.

எல்லாப் பழியையும் முகத்தின் மேல் போட்டுவிட்டு நான் தப்பிக்கப் பார்ப்பதாக நினைக்காதே. நிஜமாகவே கோபப்பட்ட நாட்கள் நிறைய உண்டு. பத்தாம் வகுப்பில் நீ மதிப்பெண் அட்டையை ஒளித்துவைத்ததற்குத் தெருவில், உன் கூட்டாளிகள் பார்க்க, பெல்ட்டைக் கழற்றி அடித்தேன். அன்றைக்கு நீ அழவில்லை. அழாமல் நின்றது எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. அதற்கு நான் உன்னிடம் ஒருநாளும் வருத்தம் தெரிவிக்கவில்லை. இப்போது தெரிவிக்கிறேன். இருபது வயதுக்கு மேல் நீ என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே எழுந்து உள்ளே போனதற்கு முகம் மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தெரியும்.

மகேஸ்வரியைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று நீ வந்து நின்றபோது நான் பேசியதும் உனக்கு மறந்திருக்காது. விளாத்திகுளத்து வத்தல் வியாபாரி வீட்டுப் பெண், நம் கோவிலும் இல்லை, நம் ஆட்களும் இல்லை என்று குதித்தேன். "ஒன் இஷ்டப்படி கெட்டிக்கோ. அந்தக் கல்யாணத்துல எம் மூஞ்சிய நீ பாக்க மாட்ட" என்றேன். ஆனால் அதற்குப் பிறகு நடந்தது உனக்குப் பாதிதான் தெரியும். ஒன்றரை மாதம் கழித்து செலின் அத்தை அவளை நம் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். நான் பேசக்கூடாது என்றுதான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பிள்ளை பயப்படவே இல்லை. "அவ்வளவு பெரிய கப்பல ஒரு கயித்துல இழுக்கியளே, கயிறு அந்து போனா என்ன செய்வீங்க மாமா?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் நம் வீட்டில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. ஒரு மணி நேரம் பேசினேன். அவள் போன பிறகு, "இந்தப் பிள்ளைய எவனாவது வேண்டாம்னு சொல்லுவானா?" என்று உன் அத்தையிடம் நானே கேட்டேன். உன்னிடம் மட்டும் சொல்லவில்லை. பேசிய பேச்சைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். நிச்சயத்துக்கு வந்தாலே உனக்குப் புரிந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

நிச்சயத்தன்றைக்கு விளாத்திகுளத்தில் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று உனக்குச் சொன்னால் நம்புவாயா? சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண் வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். "மாப்பிள்ளையோட அப்பாவுக்குச் சம்மதமில்ல போலயே. வந்ததுல இருந்து மொறைச்சுக்கிட்டே இருக்காரு." "கட்டாயத்துக்கு வந்திருப்பாரு. நாளைக்கு நம்ம பிள்ளை அந்த மூஞ்சிய எப்படிப் பாத்துக்கிட்டு இருக்கும்?" கையைத் துடைக்காமலே வந்து உட்கார்ந்தேன். இரண்டு நாள் கழித்துப் படங்கள் வந்தன. எல்லாரும் சிரிக்கிறார்கள், நடுவில் நான் போலீஸ் ஸ்டேஷனில் உட்காரவைத்தவன் மாதிரி இருக்கிறேன். அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. கல்யாணப் படத்தில் இப்படி இருக்கக்கூடாது என்ற எண்ணம் அப்போது விழுந்ததுதான்.

நம் ஊரில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று திருநெல்வேலிக்குப் போய் ஒரு தோல் டாக்டரைப் பார்த்தேன். நடுவயதுப் பெண்மணி. என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதற்கே அவருக்கு நான் கடமைப்பட்டவன். நெற்றியை, கன்னத்தை எல்லாம் விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, "கல்யாணத்துக்கு எத்தனை நாள் இருக்கு?" என்று கேட்டார். இருபத்திரண்டு நாள் என்றேன். "அப்ப புருவத்துக்கு நடுவுல போடாக்ஸ் ஊசி மட்டும் இன்னைக்கே போடலாம். அது வேலை செய்ய ஆரம்பிக்கவே மூணு நாலு நாள் ஆகும், முழுசாத் தெரிய ரெண்டு வாரம். ஏதாவது கூடக்குறைய இருந்தா பாத்துக்க ஒரு வாரம் கையில இருக்கும். மங்குக்குப் பீல் இப்ப வேண்டாம். உங்க தோலும் கருத்த தோலு, வேலையும் வெயில்ல. முதல்ல சில வாரம் களிம்பு போட்டுத் தோலைப் பழக்கணும். அவசரப்பட்டு உரிச்சா முன்னைவிடக் கருத்துப் போயிரும். அது கல்யாணத்துக்கு அப்புறம்" என்றார். பிறகு, "காய்ச்சல் வந்தா உதட்டோரத்துல கொப்புளம் வருமா உங்களுக்கு?" என்று கேட்டார். வருடத்துக்கு ஒருதடவையாவது வரும். இது என்ன கேள்வி என்று நினைத்து, "இல்ல" என்று சொல்லிவிட்டேன்.

அன்றைக்கே ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். ஐம்பத்தெட்டு வயதில் நெற்றிக்கு ஊசியா என்று வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். பன்னிரண்டு, பதின்மூன்று நாள் அப்படியே போயிற்று. கல்யாணச் சட்டையைப் போட்டுப் பார்க்கத் தையல் கடைக்குப் போனபோது அந்த ஆளுயரக் கண்ணாடியில் அதே முகம். கடையிலிருந்து நேராக, மில்லர்புரம் போகிற வழியில் மாடியில் போர்டு பார்த்திருந்த ஓர் இடத்துக்கு ஏறிப் போய்விட்டேன். கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண், "அதுக்கென்ன சார், ஊசியும் பீலும் ஒரே நாள்ல முடிச்சிரலாம். எல்லாரும் அப்படித்தான் செய்யுதாங்க" என்றாள். டாக்டர் இல்லையா என்றதற்கு, "டாக்டர் போன்ல சொல்லிட்டாரு" என்றாள். உதட்டுக் கொப்புளத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் அதே பொய்யைத்தான் சொல்லியிருப்பேன்.

முதலில் புருவத்துக்கு நடுவில் ஐந்து இடத்தில் குத்தினார்கள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, முகம் முழுக்க எண்ணெய்ப்பசை போகத் தேய்த்துத் துடைத்துவிட்டு மருந்தைப் பூசினார்கள். மிளகாய் வத்தலை அரைத்துப் பூசியது போல எரிந்தது. "கொஞ்சம் பொறுத்துக்கோங்க சார், எரிஞ்சாத்தான் நல்லா வேலை செய்யும்" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் விட்டுவைத்தார்கள். கழுவின பிறகு ஏதோ கிரீமைப் போட்டு நெற்றி, புருவம், கண் ஓரம் எல்லாம் அமுக்கி அமுக்கித் தேய்த்துவிட்டாள். அது சுகமாக இருந்தது. மறுநாள் காலையில் எனக்கு டூட்டி. முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு போனேன். துண்டு எத்தனை நேரம் நிற்கும்? காற்றில் அவிழ்ந்து விழுந்ததும் அதை மறந்துவிட்டு வெயிலில் நின்றேன்.

மூன்றாம் நாள் கன்னம் தோல் உரிந்து ரத்தச் சிவப்பாக நின்றது. ஐந்தாம் நாள் உதட்டோரத்தில் வழக்கமாக வருகிற கொப்புளம் இந்தத் தடவை உதட்டோடு நிற்காமல் உரிந்த கன்னம் முழுக்கக் கொத்துக் கொத்தாகப் பரவியது. அடுத்த நாள் முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தால் இடது கண் பாதிதான் திறக்கிறது. இமையை விரலால் தூக்கினால் தூக்குகிறது, விட்டால் விழுகிறது. பக்கவாதம் என்று நினைத்து அப்படியே குசினித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கை காலை ஆட்டிப் பார்த்தேன். பிறகு பஸ் பிடித்து அந்தத் திருநெல்வேலி டாக்டரிடமே போனேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் பேசினார். "ஊசி மருந்து போட்ட எடத்துலயே நிக்கணும்யா. சரியான எடத்துல குத்தலன்னாலும், குத்தின சூட்டோட அமுக்கித் தேய்ச்சாலும் இமையத் தூக்குற தசை வரைக்கும் போயிரும். கொப்புளம் வரும்னு நீங்க சொல்லிருந்தா பீலுக்கு முன்னாடியே மாத்திரை குடுத்திருப்போம்" என்றார். இமை எப்போது ஏறும் என்று கேட்டேன். இரண்டு மூன்று மாதத்தில் தானாக ஏறிவிடும் என்றார். "மகனுக்குக் கல்யாணம் சனிக்கிழமை, டாக்டர்." அவர் பேனாவை மூடி வைத்தார். "கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டுப் போங்க. இது ஒட்டிக்கிற கொப்புளம். பொண்ணு மாப்பிள்ளைக்கு முத்தம் மட்டும் குடுத்திராதீங்க" என்றார்.

போயிருக்கலாம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கன்னத்தில் பொருக்கோடு வந்து பின்வரிசையில் நின்றிருக்கலாம். நீ என்னை வெளியே போகச் சொல்லியிருக்க மாட்டாய். ஆனால் எனக்கு அந்தக் கை கழுவும் இடத்துப் பேச்சே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. கோபக்காரன் என்று சொன்னவர்கள் இப்போது குடிகாரன் என்று சொல்வார்கள், மகேஸ்வரி தலைகுனிந்து நிற்பாள் என்று தோன்றியது. அவசரமாகக் கப்பல் வருகிறது, லீவு ரத்து என்று உன் அத்தையிடம் பொய் சொன்னேன். உண்மையில் வேறொருவருடைய டூட்டியை நான் கேட்டு வாங்கினேன். நீ கோவிலில், அம்மா இல்லாததால் அத்தை கையைப் பிடித்துக்கொண்டு நடந்த நேரத்தில் நான் ஒரு நிலக்கரிக் கப்பலை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் டக்கில் எஞ்சின் பார்க்கிற சகாயம், "அண்ணாச்சி, இன்னைக்கு ஒம்ம மவன் கல்யாணம்லா. இங்கன என்ன செய்யுதீரு?" என்று கேட்டான். "ஒம் வேலையப் பாருல" என்றேன். அவன் போகவில்லை. என் கண்ணை உற்றுப் பார்த்துவிட்டு, "ஒரு போனாவது போட்டுப் பேசும்" என்று தன் போனை நீட்டினான். வாங்கவில்லை.

இதையெல்லாம்கூட நீ மன்னிக்கலாம். மறுநாள் நடந்ததைத்தான் எழுதக் கை வரவில்லை. காலையில் நீயும் மகேஸ்வரியும் மாப்பிள்ளையூரணியில் நம் வீட்டுக்கு வந்தீர்கள். கதவைத் தட்டினாய். நான் கதவுக்குப் பின்னால், கையெட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவள் சொன்னாள், "மாமா வேலைக்குப் போயிட்டு வந்து தூங்குதாக போல. எழுப்ப வேண்டாம்." நீ சொன்னாய், "தூங்கல. ஃபேன் ஓடுத சத்தம் கேக்கு, செருப்பு கெடக்கு. உள்ளதான் இருக்காவ. நம்மளப் பாக்கப் பிடிக்கல, வா." அவள் உடனே போகவில்லை. ஏதோ காகிதம் சரசரத்தது. நீங்கள் போய் வெகுநேரம் கழித்துத் திறந்தேன். வாசலில் பூமாலையும் ஒரு டப்பா லட்டும் இருந்தன. தாழ்ப்பாளில் கை வைத்தேன், ரோஷன். வைத்த கையை எடுத்தேன். உன் அம்மா இருந்திருந்தால் என்னைத் தள்ளிவிட்டுத் திறந்திருப்பாள்.

இமை ஏறப் பத்து வாரம் ஆயிற்று. கொப்புளம் ஆறிய இடத்தில் மங்கு முன்னைவிடக் கறுப்பாக, உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் இருக்கிறது. வீடியோவில் வாங்க என்று மகேஸ்வரி கூப்பிடும்போதெல்லாம் போன் சரியில்லை என்று சொன்னது அதனால்தான். இதில் ஒன்று கேள். ஊசி நெற்றியில் வேலை செய்தது. நாலு மாதம் என் புருவத்துக்கு நடுவில் கோடே இல்லை. நீ பேசாமல் இருந்த அந்த நாலு மாதமும் உள்ளே வெந்துகொண்டிருந்தேன், டக்கில் எல்லாரும் "அண்ணாச்சி மொகம் தெளிஞ்சிருக்கே" என்றார்கள். பிறகு கோடு பழையபடி வந்துவிட்டது.

மகேஸ்வரி, இனி உனக்கு. செய்யாதே என்று நான் சொல்லவில்லை அம்மா. உன் முகம், உன் விருப்பம். அன்றைக்கு உன்னிடம் அதட்டியது தப்பு. நான் கேட்பது நாளைத் தள்ளிப் போடச் சொல்லித்தான். ஒரே நாளில் இரண்டும் செய்வது யாருக்குமே ஆகாது என்று என் டாக்டரும் சொல்லவில்லை. மெல்லிய பீல் என்றால் தோலைப் பார்த்துவிட்டுச் சிலர் செய்வதுண்டாம். ஆனால் நம் மாதிரித் தோலுக்கு, கையில் பத்தே நாளை வைத்துக்கொண்டு, அவர் செய்ய மாட்டாராம். உன் விஷயத்தைச் சொல்லிக் கேட்டேன். பீல் முதலில் என்றால் உரிந்து, சிவப்பு போய், தோல் நன்றாக ஆறின பிறகு, இரண்டிலிருந்து நாலு வாரம் கழித்து ஃபில்லர். ஃபில்லர் முதலில் என்றால் வீக்கமும் கன்றலும் வடிய இரண்டு வாரமாவது விட்டுத்தான் பீல். எதைச் செய்தாலும் கல்யாண நாளுக்கும் அதற்கும் நடுவில் ஒரு மாதம் வேண்டும் என்றார். கண்ணுக்குக் கீழே போடுகிற ஃபில்லர் மிகவும் ஜாக்கிரதையான இடமாம், ரத்தக்குழாயில் போய்விட்டால் பார்வைக்கே ஆபத்தாம். அதைத் தெரிந்த டாக்டர் தன் கையால்தான் போட வேண்டும். போன மாதம் காய்ச்சலில் உதட்டில் கொப்புளம் வந்தது என்று நீயே என்னிடம் சொன்னாய். அங்கே கேட்காவிட்டாலும் அதை முதலில் சொல். பருவுக்கு ஏதாவது களிம்பு போடுகிறாய் என்றால் அதையும் சொல். உன் தம்பி கல்யாணம் முடிந்து திரும்பிப் போன பிறகு ஆற அமரச் செய்துகொள்.

ரோஷன், விளாத்திகுளம் கல்யாணத்துக்கு நானும் வருகிறேன். உன் மாமனார் நேற்று நேரில் வந்து பத்திரிகை வைத்தார். என் கன்னத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. நானே உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "இத அன்னைக்கே சொல்லிருந்தா நானே வந்து கூட்டிட்டுப் போயிருப்பேனே சம்பந்தி" என்றார். அந்த மனிதரிடம் சொல்ல முடிந்ததை உன்னிடம் சொல்ல இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. அங்கே நீ என்னோடு பேசுவாயா என்று எனக்குத் தெரியாது. பேசாவிட்டாலும் வருவேன்.

என்னை மன்னிக்க நீ எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள். அவளை மட்டும் வியாழக்கிழமை அங்கே அனுப்பாதே.

அப்பா